நம்பகமான குழுப்பரப்பல்: கணினி வலையமைப்பிலும் சோழமண்டலக் கரையிலும்

ஓர் இடத்திலிருந்து பலருக்கு ஒரே செய்தியை ஒரே நேரத்தில் அனுப்பி, அது ஒவ்வொருவருக்கும் முழுமையாகவும் பிழையின்றியும் போய்ச் சேர்வதை உறுதி செய்யும் முறைகளை நம்பகமான குழுப்பரப்பல் என்பர். கணினித் துறையில் இதற்கு ரிலையபிள் மல்டிகாஸ்ட் என்று பெயர். ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செய்தி செல்வது ஒற்றைப் பரப்பல். கேட்கும் எல்லோருக்கும் செல்வது வானொலி போன்ற பொதுப்பரப்பல். குறிப்பிட்ட குழுவில் உள்ளவர்களுக்கு மட்டும் செல்வது குழுப்பரப்பல்.

பலருக்கு அனுப்புவது எளிது. பலருக்கும் கிடைத்ததா என்று அறிவதுதான் கடினம். இந்தக் கேள்விக்குக் கணினி அறிஞர்கள் கடந்த நாற்பது ஆண்டுகளில் பல விடைகளைக் கண்டனர். அதே காலத்தில், அதே கேள்வி தமிழகக் கடற்கரையில் புயல் எச்சரிக்கை வடிவில் எழுந்தது. அங்கே ஒரு செய்தி விடுபட்டால் கோப்பு ஒன்று குறைவதோடு நிற்காது, உயிர் போகும். இக்கட்டுரை இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறது.

சுற்றறிக்கையும் ஒலிபெருக்கியும்

பள்ளியில் தலைமையாசிரியர் ஒரு செய்தியை எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிவிக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது சுற்றறிக்கை. அலுவலக உதவியாளர் அதனை வகுப்பு வகுப்பாக எடுத்துச் செல்வார். படித்தவர்கள் கையொப்பமிடுவார்கள். நோட்டு திரும்பி வந்தால் யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடும். ஆனால் நேரம் பிடிக்கும். இரண்டாவது ஒலிபெருக்கி. ஒரே நிமிடத்தில் எல்லா வகுப்புக்கும் கேட்கும். ஆனால் கடைசி வகுப்பில் ஒலிபெருக்கி பழுதாகியிருந்தால் அது தலைமையாசிரியருக்குத் தெரியாது.

சுற்றறிக்கையில் இடும் கையொப்பத்தைக் கணினி வலையமைப்பில் ஒப்புகை என்கிறோம். இணையத்தில் இருவருக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் டிசிபி நெறிமுறை இந்த ஒப்புகையை நம்பியே இயங்குகிறது. செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு அனுப்பப்படும். பெறுபவர் ‘கிடைத்தது’ என்று பதில் அனுப்புவார். பதில் வராவிட்டால் அனுப்புநர் மீண்டும் அனுப்புவார்.

பெறுபவர் ஒருவராக இருக்கும்வரை இது நன்றாக நடக்கும். பெறுபவர்கள் ஆயிரம் பேர் என்றால், ஒரு பொதியை அனுப்பியதும் ஆயிரம் ஒப்புகைகள் ஒரே நேரத்தில் அனுப்புநரை வந்து மோதும். இதனை ஒப்புகை வெடிப்பு எனலாம்.

ஒப்புகையே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒவ்வொருவருக்கும் ஒரு பொதி சென்று சேரும் வாய்ப்பு 99 விழுக்காடு என்று கொள்வோம். ஒருவரின் இழப்பு மற்றவரைப் பாதிக்காது என்றும் கொள்வோம். 100 பேருக்கு அனுப்பினால், அந்த நூறு பேருக்கும் அது விடாமல் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 37 விழுக்காடுதான். 1000 பேர் என்றால் அது ஏறத்தாழ 23,000 முறைக்கு ஒரு முறையாகக் குறைந்துவிடும். குழு பெரிதாகும்போது யாரோ ஒருவருக்கு விடுபடுவது ஏறக்குறைய உறுதி என்றே சொல்லலாம்.

வானிலிருந்து வந்த சைரன்

1977 நவம்பர் 19 அன்று ஆந்திரக் கரையைத் தாக்கிய புயல் திவிசீமைப் பகுதியில் கடல் நீரை ஊருக்குள் கொண்டுவந்தது. சுமார் 10,000 பேர் உயிரிழந்தனர். அன்றைய எச்சரிக்கைகள் தந்தி, தொலைபேசி, வானொலி ஆகியவற்றையே நம்பியிருந்தன. புயல் வரும்போது முதலில் விழுவது கம்பமும் கம்பியும்தான். எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதைக் கொண்டுசெல்லும் வழி அறுந்துபோகும்.

1983 ஆகஸ்டு 30 அன்று விண்ணில் ஏவப்பட்ட இன்சாட்-1பி செயற்கைக்கோள் இதற்கு மாற்று வழி தந்தது. 1980களின் நடுவில் இந்திய வானிலை ஆய்வுத் துறை, செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் கருவிகளைக் கடலோர ஊர்களில் நிறுவத் தொடங்கியது. வட தமிழகமும் தென் ஆந்திரமும் இத்திட்டத்தின் தொடக்கக் களங்களாக இருந்தன. சென்னையிலுள்ள மண்டலப் புயல் எச்சரிக்கை மையம் செய்தியை உருவாக்கும். அது தரை நிலையத்திலிருந்து செயற்கைக்கோளுக்குச் சென்று, அங்கிருந்து நேரடியாகக் கருவிகளுக்கு இறங்கும். பின்னாளில் இந்தியக் கடற்கரை முழுவதிலும் இத்தகைய கருவிகள் சுமார் 350 இடங்களில் இருந்தன.

இத்திட்டத்தின் வடிவமைப்பில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது முகவரி. ஒவ்வொரு கருவிக்கும் அது இருக்கும் பகுதிக்கேற்ற குறியீடு உண்டு. கடலூருக்குப் புயல் என்றால் அப்பகுதிக் குறியீட்டுடன் செய்தி போகும். அக்குறியீடு உள்ள கருவிகள் மட்டும் விழித்துக்கொண்டு, முதலில் சைரன் ஒலித்து, பிறகு எச்சரிக்கையைப் பேசும். மற்றவை மௌனமாக இருக்கும். இது பொதுப்பரப்பல் ஆகாது, குழுப்பரப்பல். எல்லா ஊரையும் எழுப்பிக்கொண்டே இருந்தால் அடுத்த முறை யாரும் எழமாட்டார்கள் என்ற அறிவு இதில் இருக்கிறது.

இரண்டாவது, ஒப்புகை இல்லாமை. கருவியால் கேட்க மட்டுமே முடியும், பதில் பேச முடியாது. ஆகவே வானிலைத் துறை செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும் வழியைக் கொண்டது. ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி ஆகிய மூன்றிலும் மணிக்கொரு முறை எச்சரிக்கை சென்றது. ஒரு முறை தவறினாலும் அடுத்த முறை பிடித்துக்கொள்ளலாம்.

1990 மே மாதத்தில் ஆந்திரக் கரையை மற்றொரு கடும் புயல் தாக்கியபோது லட்சக்கணக்கானோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு ஆயிரத்துக்குக் கீழே நின்றது. இதற்கு இந்த ஒரு கருவியே காரணம் என்று சொல்ல முடியாது. புயல் பாதுகாப்பு இல்லங்களும் ஆட்சியரகங்களின் முன்னேற்பாடும் சேர்ந்தே பயன் தந்தன. ஆயினும் கம்பி அறுந்த பிறகும் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது என்பது பெரிய மாற்றம்.

ஆய்வகங்களில் பிறந்த விடைகள்

இதே ஆண்டுகளில் கணினி வலையமைப்பு ஆய்வாளர்களும் இக்கேள்வியில் இறங்கினர். 1984இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சார்ந்த சாங், மாக்செம்சக் இருவரும் நம்பகமான பரப்பலுக்கு ஒரு நெறிமுறையை வெளியிட்டனர். குழுவில் எல்லோரும் ஒப்புகை அனுப்ப வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் அனுப்புவார். அந்தப் பொறுப்பு முறைவைத்து ஒவ்வொருவராகச் சுற்றிவரும். வகுப்புத் தலைவன் பொறுப்பை வாரந்தோறும் மாற்றித் தருவது போன்றது இது.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் கென் பிர்மன் குழுவினர் உருவாக்கிய ஐசிஸ் என்னும் மென்பொருள் இன்னொரு தேவையைக் கவனித்தது. செய்திகள் எல்லோருக்கும் கிடைத்தால் மட்டும் போதாது, ஒரே வரிசையிலும் கிடைக்க வேண்டும். ‘வெளியேறுங்கள்’, ‘திரும்பி வரலாம்’ என்ற இரண்டு செய்திகள் ஒரு ஊருக்கு வரிசை மாறிக் கிடைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புரியும். ஐசிஸ் பின்னர் நியூயார்க் பங்குச்சந்தையிலும் பிரான்சின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டிலும் பயன்பட்டது.

1989இல் ஸ்டீவ் டீரிங் எழுதிய ஆர்எஃப்சி 1112 என்னும் ஆவணம் இணையத்தில் குழுப்பரப்பலுக்கு அடித்தளம் இட்டது. 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையுள்ள முகவரிகள் குழுக்களுக்கென ஒதுக்கப்பட்டன. அனுப்புநர் ஒரே ஒரு பொதியை அனுப்புவார். பாதை பிரியும் இடங்களில் உள்ள திசைவிகள் அதனைப் படியெடுத்து அனுப்பும். பெறுபவர் யார் என்பதை அனுப்புநர் அறிந்திருக்க வேண்டியதில்லை. 1992 மார்ச்சில் இணையப் பொறியியல் பணிக்குழுவின் கூட்டம் ஒன்று இம்முறையில் மூன்று கண்டங்களில் இருந்த 20 இடங்களுக்கு ஒலியாகப் பரப்பப்பட்டது.

ஆனால் இது விரைவைத் தந்ததே தவிர உறுதியைத் தரவில்லை. அதற்கு மூன்று வழிகள் 1990களில் உருவாயின.

முதல் வழி, கிடைக்காதவர் மட்டும் கேட்பது. பொதிகளுக்கு வரிசை எண் இட்டால், 5க்குப் பின் 7 வந்ததும் 6 விடுபட்டது பெறுபவருக்கே தெரியும். அவர் மட்டும் குரல் கொடுத்தால் போதும். இதனை எதிர் ஒப்புகை என்பர். ஆனால் விடுபட்டவர் நூறு பேர் என்றால் நூறு பேரும் குரல் கொடுப்பார்களே! 1995இல் சாலி ஃபிளாய்டு, வான் ஜேக்கப்சன் உள்ளிட்ட ஐவர் வெளியிட்ட எஸ்ஆர்எம் முறை இதற்கு அழகிய தீர்வு சொன்னது. ஆசிரியர் குறிப்பு சொல்லி எழுதவைக்கும்போது சாலையில் லாரி ஒலியெழுப்பிச் செல்கிறது. ஒரு வரி யாருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தாமல் ஆளுக்குச் சற்று நேரம் பொறுக்கிறார்கள். முதலில் ஒருவன் ‘மறுபடியும் சொல்லுங்க சார்’ என்கிறான். அதைக் கேட்ட மற்றவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். பதிலை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. வரியைக் கேட்ட மாணவன் யாரும் சொல்லலாம்.

இரண்டாம் வழி, வட்டாரப் பொறுப்பாளர். 1996இல் ஜான் லின், சஞ்சாய் பால் வெளியிட்ட ஆர்எம்டிபி முறையில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெறுபவர் பொறுப்பேற்பார். அப்பகுதியில் உள்ளவர்கள் ஒப்புகையை அவரிடம் தருவார்கள். விடுபட்டதை அவரே எடுத்துத் தருவார். மூலத்துக்கு எல்லோரும் ஓட வேண்டாம்.

மூன்றாம் வழி கணிதம் தந்தது. 7, 12 என்ற இரண்டு எண்களை இருவருக்கு அனுப்புகிறோம். ஒருவருக்கு 7 விடுபட்டது, மற்றவருக்கு 12 விடுபட்டது. யாருக்கு எது விடுபட்டது என்று நமக்குத் தெரியாது. இரண்டின் கூட்டுத்தொகையான 19ஐ இருவருக்கும் அனுப்பினால் போதும். முதலாமவர் 19இலிருந்து 12ஐக் கழித்து 7ஐப் பெறுவார். மற்றவர் 7ஐக் கழித்து 12ஐப் பெறுவார். ஒரே பொதி இரண்டு வெவ்வேறு இழப்புகளை ஈடுசெய்துவிட்டது. இக்கருத்தைப் பெருமளவில் விரித்து 1998இல் பையர்ஸ், லூபி, மிட்சென்மாக்கர், ரெகே ஆகியோர் எண்ணியல் நீரூற்று என்னும் முறையை வெளியிட்டனர். ஊற்றிலிருந்து எந்தத் துளி என்று பாராமல் குடம் நிறையும்வரை பிடிப்பதுபோல, எந்தப் பொதிகள் என்று பாராமல் போதிய எண்ணிக்கை கிடைத்தால் முழுச் செய்தியையும் மீட்டுக்கொள்ளலாம். பதில் பேச முடியாத கருவிகளுக்கு இது மிகவும் பொருந்தும்.

நல்லவாடு காட்டிய வழி

அதே 1998இல், தென்சென்னையில் தரமணியை இடமாகக் கொண்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிச் சிற்றூர்களில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் மையமாக இருந்தது. அங்கிருந்து ஊர்களிலுள்ள அறிவு மையங்களுக்குச் செய்திகள் சென்றன. வீராம்பட்டினம் போன்ற மீனவர் ஊர்களில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயர முன்கணிப்பு எடுக்கப்பட்டு, ஊர்த் தன்னார்வலர்களால் தமிழில் ஒலிபெருக்கி வழியே அறிவிக்கப்பட்டது. ஆர்எம்டிபி முறையின் வட்டாரப் பொறுப்பாளர் செய்யும் வேலையைத்தான் இம்மையங்கள் செய்தன. கணினி இல்லாத வீட்டுக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கடைசித் தூரத்தை அவை கடந்துகொடுத்தன.

2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தொடச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டரை மணி நேரத்தில் நம் கரைக்கு முறையான எச்சரிக்கை எதுவும் வரவில்லை. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர்.

அன்று நல்லவாடு என்னும் மீனவர் ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டாரை எச்சரித்தார். அது ஒருவரிடமிருந்து ஒரு வீட்டுக்கு வந்த ஒற்றைப் பரப்பல். அத்துடன் நின்றிருந்தால் ஒரு குடும்பம் மட்டும் பிழைத்திருக்கும். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அச்செய்தியை அறிவித்தனர். ஊர் முழுவதும் மேட்டுப் பகுதிக்கு ஓடியது. சுமார் 150 வீடுகளும் 200 படகுகளும் அழிந்தன. அங்கு வாழ்ந்த சுமார் 3,600 பேரும் உயிர் தப்பினர்.

செய்தி வேறொரு நாட்டிலிருந்து, தற்செயலாக வந்தது. அதை எல்லோருக்கும் சேர்க்கும் ஏற்பாடு மட்டும் ஊரிலேயே ஆயத்தமாக இருந்தது. அலைக்கு முன் அமைந்த அந்த ஏற்பாட்டால்தான் ஒருவர் கேட்ட செய்தி ஊரின் செய்தியாயிற்று. 2007 அக்டோபர் 15 அன்று ஐதராபாத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் திறக்கப்பட்டது. அதற்கு வேண்டிய கடலடி அழுத்தக் கருவிகளை நிறுவும் பணியில் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் ஈடுபட்டது.

தாம்பரம் மழையும் ஒக்கிப் புயலும்

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்றில் வெள்ளம் பெருகி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் நீர் வீடுகளுக்குள் ஏறியது. மின்சாரம் நின்றது. கைப்பேசிக் கோபுரங்கள் பல செயலிழந்தன. இயங்கிய கோபுரங்களிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்ததால் இணைப்புக் கிடைப்பது அரிதாயிற்று.

குறுஞ்செய்தி என்பது ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியே செல்லும் ஒற்றைப் பரப்பல். லட்சம் பேருக்கு அனுப்ப லட்சம் முறை அனுப்ப வேண்டும். நெரிசலில் அது மணிக்கணக்கில் தாமதமாகலாம். இதற்கு மாற்றுதான் செல் பிராட்காஸ்ட் எனப்படும் கோபுரப் பரப்பல். ஒரு கோபுரத்தின் எல்லையில் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளும் ஒரே அலைவரிசையில் ஒரே செய்தியைக் கேட்கின்றன. ஆயிரம் பேர் இருந்தாலும் பத்தாயிரம் பேர் இருந்தாலும் சுமை ஒன்றே. யாருடைய எண்ணும் தேவையில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் செய்தி மீண்டும் மீண்டும் அனுப்பப்படும். செய்தியின் வரிசை எண்ணைப் பார்த்து, முன்பே பெற்ற கைப்பேசி அதனைத் தள்ளிவிடும். புதிதாக எல்லைக்குள் வந்த கைப்பேசி மட்டும் ஒலி எழுப்பும். 1980களின் சைரன் கருவியில் கண்ட மறுபரப்பல் முறையே இங்கு வரிசை எண்ணுடன் சேர்ந்து வந்திருக்கிறது. 2023இல் இந்தியாவில் பல மாநிலங்களில் இதன் சோதனை நடந்தபோது, கைப்பேசிகள் திடீரென்று பலத்த ஒலி எழுப்பியது பலருக்கும் நினைவிருக்கும். ஆனால் கோபுரமே அணைந்துபோனால் இந்த முறையும் பயன்படாது. கோபுரத்துக்கு மாற்று மின்சாரம் இருப்பதும் நம்பகத்தின் ஒரு பகுதிதான்.

கடலிலோ கோபுரமே கிடையாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் விரைவாக வலுப்பெற்றபோது, தமிழக, கேரள மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். கரையிலிருந்து சுமார் 10 முதல் 12 கி.மீ. தாண்டினால் எச்சரிக்கை எட்டாத நிலை அன்று இருந்தது. பலர் திரும்பவே இல்லை. இதன் பின்னர் 2019 அக்டோபரில் ஜெமினி என்னும் சிறு கருவி வெளியிடப்பட்டது. ககன் செயற்கைக்கோள்களின் வழியே வரும் எச்சரிக்கையை அது வாங்கி, புளூடூத் மூலம் மீனவரின் கைப்பேசிக்குத் தரும். ஆனால் அதுவும் கேட்கும் கருவியே. படகிலிருந்து பதில் அனுப்ப வழியில்லை.

மறுபுறம், ஆபத்தில் சிக்கிய படகிலிருந்து கரைக்குச் சைகை அனுப்பும் கருவி 2010 முதலே புழக்கத்தில் இருந்தது. அதில் எதிர்க்குறை இருந்தது. கேட்டுவிட்டார்களா என்று படகிலிருப்பவருக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் இஸ்ரோ அறிமுகப்படுத்திய இரண்டாம் தலைமுறைக் கருவி, சைகை கிடைத்தது என்ற ஒப்புகையைப் படகுக்குத் திருப்பி அனுப்புகிறது. புயல், சுனாமி எச்சரிக்கைகளையும் அதே கருவி பெறுகிறது. கடலில் தத்தளிப்பவருக்குக் ‘கிடைத்தது’ என்ற ஒரு சொல் எவ்வளவு பெரியது என்பதைக் கரையிலிருக்கும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வரலாறு சொல்வது

இவ்வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விக்குத்தான் விடை தேடுகிறது: கிடைக்காதவருக்கு யார் பொறுப்பு? சுற்றறிக்கை முறையில் பொறுப்பு அனுப்புநரிடம் இருக்கிறது. எஸ்ஆர்எம் முறையில் கிடைக்காதவரே கேட்கிறார். ஆர்எம்டிபி முறையிலும் நல்லவாட்டிலும் நடுவிலுள்ள ஒருவர் அதை ஏற்கிறார். சைரன் கருவியிலும் கோபுரப் பரப்பலிலும் மறுபரப்பல் அதைச் சுமக்கிறது. நீரூற்று முறையில் கணிதம் சுமக்கிறது. எந்த ஒன்றும் தனியே முழுமையாகாது என்பதால், நல்ல எச்சரிக்கை ஏற்பாடு இவற்றுள் இரண்டு மூன்றை இணைத்தே அமையும்.

மாணவர்கள் இப்பாடத்தைத் தம் ஊரிலேயே செய்து பார்க்கலாம். அடுத்த மழைக்கால எச்சரிக்கை வரும்போது, அது எந்த வழியில் தெருவுக்கு வந்தது, எத்தனை முறை வந்தது, கைப்பேசி இல்லாத முதியவருக்கும் காது கேளாதவருக்கும் வெளிமாநிலத் தொழிலாளிக்கும் அதை யார் சொன்னார்கள் என்று கேட்டு எழுதலாம். விடை கிடைக்காத வீடு எதுவோ, அந்த வீட்டுக்குச் செய்தி சொல்லும் பொறுப்பை மழைக்கு முன்பே ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.